ஒரு ராத்தல் தேயிலைக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மடலில் யாருடைய பெயரும் இருக்காது. உதவியவர்களில் பாதிப் பேர் "என் பேரை எங்கேயும் போட்டுவிடாதே" என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால் நன்றாக இருக்காது. படிக்கும்போது "இது நான்தான்" என்று அவரவருக்குத் தெரிந்துவிடும், அது போதும்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. நாங்கள் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். அக்கம்பக்கத்தில் இன்னும் "சிலோன்காரங்க வீடு" என்றால்தான் தெரியும். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான இந்திய–இலங்கை சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழரில் (இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழரின் வழிவந்தவர்கள்) 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் தாத்தா அந்த 5,25,000க்குள் வந்தார். அவருடைய சொந்தத் தம்பி அந்த 3,00,000க்குள் போனார். தாத்தா, பாட்டி, சிறுவனாக இருந்த அப்பா மூவரும் 1973இல் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழக அரசு 1968இல் நீலகிரியில் ஆரம்பித்த தேயிலைத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அதற்கு முன்னால்? "திருச்சிப் பக்கம். அந்தக் காலத்திலேயே போயிட்டாங்க." தாத்தா கடைசிவரை இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த ஊர், எந்தக் காலம் என்று தேட ஆரம்பித்ததில்தான் நீங்கள் எல்லோரும் எங்களுக்குக் கிடைத்தீர்கள்.

முதல் நன்றி எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் எங்களுக்கு உதவிய ஊழியருக்கு. தாயகம் திரும்பும்போது தாத்தாவுக்குக் கொடுத்த குடும்ப அட்டையில் சொந்த ஊர் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு "பட்டி", முசிறி தாலுகா என்று எழுதியிருந்தது. மலையக வாயால் சொன்னதை யாரோ அவசரமாகக் காதில் வாங்கி எழுதியிருக்கிறார்கள், உயிரெழுத்துகளே கிட்டத்தட்ட இல்லை. நாங்கள் இன்றைய முசிறி வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தோம். அவர் சிரித்துக்கொண்டே, "அப்போ துறையூரும் முசிறி தாலுகாவிலதான் இருந்துச்சு, அதைப் பாத்தீங்களா?" என்றார். சென்னை மாகாணத்துக் கிராமங்களை அகரவரிசையில் அடுக்கிய பழைய பட்டியல் ஒன்றையும் எடுத்துக் காட்டினார். ஒலிக்குப் பொருந்திய ஊர்கள் மூன்று. அதில் ஒன்று துறையூருக்கு அந்தப் பக்கம், உப்பிலியபுரம் போகிற வழியில். அன்று சாயங்காலம் வீட்டுக்குத் தகவல் சொன்னதும் அம்மா ரவா கேசரி கிளறிவிட்டார். ஊர் எதுவென்றே உறுதியாகவில்லையே என்று அப்பா கேட்டதற்கு, "மூணுல ஒண்ணுன்னு தெரிஞ்சுதே, அது போதாதா?" என்றார். அதிலிருந்து எது கிடைத்தாலும் கேசரி என்பது வழக்கமாகிவிட்டது. (அப்பாவுக்குச் சர்க்கரை. அவர் தேடலை எதிர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று தங்கை சொல்கிறாள்.)

அடுத்தது அந்த ஊர்க்காரர்களுக்கு. திடீரென்று ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கி "எங்க பாட்டன் இந்த ஊருதாங்க" என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் எல்லா முகத்திலும் தெரிந்தது. நியாயம்தான், அப்படி வந்தவர்களும் உண்டாம். கிராம உதவியாளர் அண்ணன்தான் நிலைமையைச் சமாளித்தார். "இவுங்களுக்குப் பட்டாவும் வேணாம், சிட்டாவும் வேணாம், பேரு மட்டும் போதுமாம்" என்று டீக்கடையில் அவர் போட்ட அறிவிப்பு எங்களுக்கு எந்தச் சான்றிதழைவிடவும் பெரிது. அப்புறம் அவரே, "கண்டிக்காரர் கொல்லைன்னு ஒண்ணு இருக்கு, வாங்க" என்று கூட்டிப்போனார். எந்தப் பதிவேட்டிலும் அந்தப் பெயர் இல்லை. இப்போது அதில் வேறு ஒருவர் மரவள்ளி போட்டிருக்கிறார். ஆனால் அந்த ஊர் வாயில் அதற்குப் பெயர் கண்டிக்காரர் கொல்லைதான். இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களைக் கண்டிச்சீமைக்குப் போனவர்கள் என்று சொல்லும் வழக்கம் நம் பக்கம் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கொல்லையில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். மரவள்ளிக்காரர் இரண்டு கிழங்கைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார்.

அந்தத் தெருக்கோடி வீட்டு அப்பாயிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் தேடலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் அவர் வீட்டுப் பரணில்தான் இருந்தது. அவருடைய மாமனார் வீட்டில் நடந்த ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டு. கோடு போட்ட நோட்டு, மேலே பிள்ளையார் சுழி, "விஜய வருஷம் வைகாசி" என்று தலைப்பு. எட்டணா, ஒரு ரூபாய், எட்டணா, நாலணா என்று பக்கம் பக்கமாகப் போகிறது. நடுவில் ஒரு வரி: "கண்டி" என்று போட்டு, இன்னார் மகன் இன்னார், "ரூ. 5, தேயிலை 1 ராத்தல்." (ராத்தல் என்றால் ஒரு பவுண்டு எடை.)

அந்த மகன் எங்கள் கொள்ளுத்தாத்தா. அந்தத் தகப்பன் பெயரை அதற்கு முன் நாங்கள் கேட்டதே இல்லை என்று சொல்ல முடியாது, தினமும் கேட்ட பெயர்தான், ஏனென்றால் அதுவே எங்கள் தாத்தாவின் பெயர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். பெயர் கையில் இருந்தும் அது யாருடையது என்று தெரியாமல் இத்தனை காலம் இருந்திருக்கிறோம். எட்டணா எழுதிய ஊரில் ஐந்து ரூபாய் மொய் வைத்ததில் கொஞ்சம் பந்தா இருக்கிறது என்பது என் கணிப்பு. வெளியூர் போனவர் சொந்த ஊர்க் கல்யாணத்துக்கு வந்தால் அப்படித்தானே செய்வார். ஆனால் தேயிலையை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கடல் தாண்டிக் கொண்டுவந்ததை மொய் எழுதியவர் விடாமல் குறித்தாரே, அந்தக் கணக்குப் பிசகாத மனுஷருக்கும் இந்த மடலில் ஒரு கும்பிடு. அப்பாயி, நீங்கள் அந்த நோட்டை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் கேட்டோம். "வச்ச மொய்யத் திருப்பிச் செய்யணுமில்ல?" என்றீர்கள். எங்களுக்கு எப்போது திருப்பிச் செய்யப்போகிறீர்கள் என்று கேட்க என் தங்கைக்கு வாய் துடித்தது, அடக்கிவிட்டோம்.

விஜய வருஷம் எது என்று சொன்ன ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கும் நன்றி. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுசெய்ய முடியாது. விஜய என்றால் 1893ஆகவும் இருக்கலாம், 1953ஆகவும் இருக்கலாம். ஐயா நோட்டின் அச்சடித்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார், மையைப் பார்த்தார், "1953 மே, ஜூன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்தார். பத்து விநாடி ஆகியிருக்காது.

அவரிடம் போன கையோடு பாட்டியின் துண்டுத்தாளையும் நீட்டினேன். பாட்டி பிறந்ததைப் பற்றி ஒரு பெருமாள் படத்தின் பின்னால் ஒட்டியிருந்த தாள் அது. பிரஜோற்பத்தி வருஷம், மாசி மாதம். ஐயா கணக்குப் போட்டு, "1932 பிப்ரவரி, இல்லாவிட்டால் மார்ச் ஆரம்பம்" என்றார். பாட்டியின் எல்லாப் பத்திரங்களிலும் 1936 என்றுதான் இருக்கிறது. தாத்தாவுக்கு 1934. அதாவது பாட்டி தாத்தாவைவிட இரண்டு வயது மூத்தவர்! எங்கள் வீட்டில் இதைவிடக் கொண்டாடப்பட்ட கண்டுபிடிப்பு வேறு இல்லை. "எனக்கு அப்பவே தெரியும், அந்தக் கிழவி அவரை அதட்டுற அதட்டு..." என்று பெரியத்தை போனில் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமானது. பாட்டி உயிரோடு இருந்திருந்தால் எங்கள் முதுகில் நாலு வைத்திருப்பார். அன்றைக்குக் கேசரியில் முந்திரி அதிகம்.

இனி இலங்கை மலையகத்தில் இருக்கும் தலவாக்கலை டீச்சருக்கு. உங்களை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. தோட்டத்தின் பெயரையும் "பணிய லயம், கோயிலுக்குப் பக்கத்தில" (கீழ்ப்பக்கத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று அப்பா சொன்ன அடையாளத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் முடிந்த பிறகு மழையில் நடந்து போய், சின்னத் தாத்தாவின் மகளைத் தேடிப் பிடித்தீர்கள். எங்கள் பெரியத்தைக்கும் கூட அவருடன் தொடர்பு அறுந்துபோயிருந்தது. அந்த அத்தை தன் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டியது தன்னுடைய பிறப்புச் சான்றிதழ்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் அம்மா அப்பாவோடு நிற்காது, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத ஒரு கட்டம் உண்டு. எங்கள் அப்பாவின் சான்றிதழில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்திருக்கிறது, அவ்வளவுதான். அதை வைத்துக் கொள்ளுத்தாத்தா இந்தியாவில் பிறந்து அங்கே போனவர் என்றே நினைத்திருந்தோம். அத்தையின் சான்றிதழில் கோடு இல்லை. கொள்ளுத்தாத்தாவின் பெயர், 1908, பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர், மூன்றும் தெளிவாக இருந்தன. ஒரே மனிதர், இரண்டு பேத்தி பேரன், ஒருவர் தாளில் கோடு, ஒருவர் தாளில் ஊர். எழுதிய கை வேறு, அல்லது சொன்ன ஆள் வேறு.

ஆக, கடல் தாண்டியவர் கொள்ளுத்தாத்தா இல்லை, மொய் நோட்டில் "இன்னார் மகன்" என்று வந்த அந்த முதல் பெயர்க்காரர். அதுவும் 1908க்கு முன்னால். பாம்பன் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்தது 1914இல், தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் அப்போதுதான். அதனால் "ரயிலில் பாலம் தாண்டிப் போனோம்" என்று எங்கள் குடும்பத்தில் சொல்லிவந்த கதை முதல் பயணத்தின் கதையாக இருக்க முடியாது. பின்னால் ஊருக்கு வந்து போன ஏதோ ஒரு பயணம் அது.

சந்தோஷம்தான். ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, அந்தச் சட்டம் வருமுன் இலங்கையில் பிறந்தவருக்குத் தகப்பனும் அங்கே பிறந்திருந்தால் பரம்பரைக் குடியுரிமை உண்டு. தாத்தா பிறந்தது தோட்டத்தில். அவர் தகப்பன் பிறந்ததும் தோட்டத்தில். சட்டம் கேட்ட தகுதி அவருக்கு இருந்தது. கேட்ட தாள்தான் இல்லை. லட்சக்கணக்கான பேருக்கு இதே கதைதான் என்று படித்திருக்கிறேன், ஆனால் சொந்தத் தாத்தாவின் கணக்கில் அதைப் பார்ப்பது வேறு. டீச்சர், நீங்கள் அந்தப் படத்தை அனுப்பிய இரவில் அப்பா ரொம்ப நேரம் போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேசரி வேண்டுமா வேண்டாமா என்று அம்மாவுக்கே குழப்பம். கடைசியில் கிளறினார். அப்பா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார், யாரும் சர்க்கரையைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக என்னிடம், "லேமினேஷன் பண்ணாதே, பழைய தாள் மாதிரியே இருக்கட்டும். நாலு காப்பி போட்டு வை" என்றார். அன்றோடு எதிர்ப்பு முடிந்தது. இப்போது என்னைவிட அவர்தான் தீவிரம்.

இன்னும் சிலருக்கு வேகமாக நன்றி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீளும். மண்டபத்தில் முகாம் இருந்த இடத்தைச் சுற்றிக் காட்டிய ஆட்டோ அண்ணன், நீங்கள் காத்திருந்ததற்குக் காசு வாங்க மறுத்தீர்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் அவர்களைத் தடுத்துவைத்துச் சோதித்ததும் அதே மண்டபத்தில்தான் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டோம். குலதெய்வக் கோவில் பூசாரி, பங்காளிகள் பட்டியலில் எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொண்டு இந்த வருஷமே வரி கேட்டீர்கள். வரி கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பழைய பெரட்டுக் கணக்கு (காலையில் ஆள் எண்ணுவது), செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு), துண்டு (கடனைக் குறித்து ஆளை விடும் சீட்டு), கங்காணிக் கடன் (ஆள் சேர்ப்பவரிடம் பட்ட கடன்) என்று நான் கேட்ட கேள்விக்கெல்லாம் குரல் பதிவிலேயே பாடம் நடத்திய ஹட்டன் ஐயா, அந்தப் பதிவுகளை அப்படியே எழுத்தாக்கி வைத்திருக்கிறேன். படிக்கட்டு மாதிரி வம்சாவளி வரைந்த தங்கை மகளே, 1936ஐ அடித்துவிட்டு 1932 என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய், பாட்டி பேரில் மட்டும் கிரீடம் எதற்கு?

மொய் நோட்டின் அந்தப் பக்கம், இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை எல்லாவற்றின் நகலும் உதவிய ஒவ்வொருவருக்கும் இந்த மாதத் தபாலில் வரும். டீச்சருக்கு மட்டும் ஒரு பார்சலும் சேர்ந்து வரும், அதில் கோத்தகிரித் தேயிலை இருக்கும். தலவாக்கலைக்கே தேயிலை அனுப்புவதா என்று தங்கை கேட்கிறாள். அத்தை வீட்டுக்கும் ஒரு ராத்தல் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், டீச்சர்.

பூண்டுலோயாப் பக்கம் 1900களின் தொடக்கத்தில் துறையூரிலிருந்து போனவர்களின் வாரிசுகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுச் சான்றிதழ்களில் பாட்டன் கட்டத்தை ஒருமுறை பாருங்கள். அண்ணன் தம்பி பிள்ளைகளின் தாள்களையும் சேர்த்துப் பாருங்கள். எங்களுக்கு அடுத்து வேண்டியது கொள்ளுத்தாத்தாவின் தாயார் பெயர். எந்தத் தாளிலும் இதுவரை ஒரு பெண்ணின் பெயர்கூட அந்தத் தலைமுறையில் வரவில்லை.

அன்புடன்,
கோத்தகிரி சிலோன்காரங்க வீட்டிலிருந்து