ஆய்வுச் செய்தியோடு அதன் உறுதியின் அளவும் வெளியாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தை நெடுநாளாகப் படித்துவருபவன் நான். கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன் என்பதால், மற்ற பக்கங்களைவிட அந்தப் பக்கத்தைச் சற்றே கூர்ந்து படிப்பது வழக்கமாகிவிட்டது. வானியல், குவாண்டம் இயற்பியல், யாரோடு யார் பழகுகிறார்கள் என்பதை ஆராயும் சமூக வலைப்பின்னல் ஆய்வு, மாணவர்களின் கற்றல் திறன் ஆகிய நான்கு துறைகளின் செய்திகளும் இப்போதெல்லாம் அங்கே அருகருகே இடம்பெறுவது மகிழ்ச்சி தருகிறது. ஆயினும், நான்கையும் ஒரே அளவு உறுதியோடு எழுதிவிடுவதால், எந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்பது வாசகருக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது. செய்தியின் அடியில் இரண்டு வரி கூடுதலாகச் சேர்த்தால் இந்தக் குறை தீரும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2025 ஏப்ரலில் உலகெங்கும் பேசப்பட்ட கே2-18பி என்ற புறக்கோளை, அதாவது வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை, எடுத்துக்கொள்வோம். 124 ஒளியாண்டு தொலைவில் சிவப்புக் குறுவிண்மீன் ஒன்றைச் சுற்றிவரும் அக்கோளின் வளிமண்டலத்தில், டைமெத்தில் சல்ஃபைடோ அதையொத்த இன்னொரு சேர்மமோ இருப்பதற்கான அடையாளம் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் தெரிவதாக, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு அறிவித்தது. பூமியில் இச்சேர்மத்தைப் பெரும்பாலும் கடல்வாழ் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன என்பதால், வேற்றுக் கோளில் உயிர் இருப்பது உறுதியாகிவிட்டது போன்ற தலைப்புகள் பல இடங்களில் வந்தன. அறிவித்த குழுவோ இவ்வளவு தூரம் போகவில்லை. தங்கள் முடிவு மூன்று சிக்மா (முடிவின் உறுதியைக் குறிக்கும் புள்ளியியல் அளவு) அளவிலானது என்றும், கண்டுபிடிப்பு என ஏற்கப்படுவதற்கு ஐந்து சிக்மா தேவை என்றும், அந்நிலையை எட்ட இன்னும் 16 முதல் 24 மணி நேரம் வரை தொலைநோக்கியில் நோக்குவது உதவக்கூடும் என்றும் அவர்களே தெரிவித்திருந்தார்கள். அடுத்த சில வாரங்களில் வேறு குழுக்கள் அதே தரவை வேறு முறைகளில் பகுத்துப் பார்த்து, அந்த அடையாளம் அத்தனை வலுவானதல்ல என்றன. போதாக்குறைக்கு, அதே டைமெத்தில் சல்ஃபைடு 67பி என்ற வால்மீனில் இருப்பதற்கான தடயம் 2024-இலேயே தெரிவிக்கப்பட்டிருந்தது. வால்மீனில் உயிர் வாழ்வதாக யாரும் கருதவில்லை.

இந்தச் சிக்மா கணக்கு வாசகர்களுக்கு விளங்காது என்று செய்தியாளர்கள் விட்டுவிடுகிறார்கள் போலும். அது அவ்வளவு கடினமானதன்று. தேடும் பொருள் உண்மையில் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டால், அளவீட்டில் இயல்பாக ஏற்படும் ஏற்றஇறக்கம் மட்டுமே இப்படியொரு அடையாளத்தைத் தற்செயலாகக் காட்டிவிட எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதை அது சொல்கிறது. ஒரு பக்க விலகலை (எதிர்பார்த்ததைவிடக் கூடுவதை) மட்டும் கணக்கிட்டால், மூன்று சிக்மா என்பது ஏறத்தாழ 740-இல் 1. ஐந்து சிக்மா என்பது ஏறத்தாழ 35 லட்சத்தில் 1. இயற்பியலாளர்கள் நெடுங்காலம் தேடிய ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் இயல்புகளோடு பொருந்தும் புதிய துகள் கிடைத்துவிட்டதாக 2012 ஜூலை 4 அன்று செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகம் அறிவித்தது இந்த ஐந்து சிக்மா அளவை எட்டிய பிறகுதான்.

இங்கே படித்தவர்களும் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம் உண்டு. தற்செயலாக நிகழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்றால், முடிவு சரியாக இருக்கும் வாய்ப்பு 99.9 விழுக்காடு என்று பொருளல்ல. ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டிப் பத்து முறையும் தலையே விழுவதற்கான வாய்ப்பு 1,024-இல் 1. ஆயிரம் பேர் ஆளுக்குப் பத்து முறை சுண்டினால் அவர்களில் ஒருவருக்காவது அப்படி விழ வாய்ப்பு அதிகம். அவர் கையிலுள்ள நாணயத்தில் எந்தக் கோளாறும் இருக்க வேண்டியதில்லை. ஆயிரம் ஆய்வுகளில் வியப்பூட்டும் ஒன்று மட்டுமே செய்தியாக அச்சேறும்போது, மற்ற 999 பேர் சுண்டியதை வாசகர் அறிவதேயில்லை.

சிக்மா பெரியதாக இருந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2011 செப்டம்பரில், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்னிலிருந்து ஏறத்தாழ 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியிலுள்ள கிரான் சாஸ்ஸோ நிலத்தடி ஆய்வகத்துக்குச் சென்ற நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்கள், ஒளியைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்துசேர்ந்ததாக, அவற்றை அளந்த ஓபரா என்ற ஆய்வுக் குழு அறிவித்தது. அதன் கணக்கு ஆறு சிக்மா. 2012-இல் காரணம் வெளிப்பட்டது: ஜிபிஎஸ் நேரத்தைக் கருவிக்குக் கொண்டுவந்த ஒளியிழைக் கம்பி சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது. தற்செயல் பிழையைத்தான் சிக்மா அளக்கும். பொருத்தாத கம்பியைப் பற்றி அதற்குத் தெரியாது. வேறொரு கருவியால், வேறொரு குழு மீண்டும் அளந்து பார்த்ததா என்ற கேள்விக்கு ஈடாக எந்த எண்ணும் இல்லை.

குவாண்டம் இயற்பியல் இதற்கு நேர் எதிரான ஒரு பாடத்தைத் தருகிறது. ஒன்றோடொன்று பிணைந்த இரு துகள்கள், தத்தம் இடத்தில் முன்கூட்டியே முடிவாகிவிட்ட பண்புகளைச் சுமந்து செல்பவை என்று கொண்டால், அவற்றின் அளவீடுகளுக்கிடையிலான தொடர்பு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்ட முடியாது என்று இயற்பியலாளர் ஜான் பெல் 1964-இல் காட்டினார். பரவலாகப் பயன்படும் ஒரு வடிவில் அந்த எல்லை 2. 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரு வைரத் துண்டுகளிலுள்ள எலக்ட்ரான்களைக் கொண்டு நடத்திய சோதனையில் கிடைத்த மதிப்பு 2.42. ஒளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல எடுக்கும் நாலேகால் மைக்ரோ நொடிக்குள் இரு பக்கமும் அளவீடு முடிந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. 220 மணி நேர உழைப்பில் அவர்களுக்குக் கிடைத்தவை 245 அளவீடுகள் மட்டுமே. தற்செயலுக்கான வாய்ப்பு 0.039, அதாவது நூற்றில் நான்குக்குச் சற்றே குறைவு. ஹிக்ஸ் போசானின் அளவுகோலால் பார்த்தால் இது எம்மாத்திரம்? இருந்தும் இயற்பியலாளர்கள் அதை ஏற்றார்கள். என்ன மதிப்பு கிடைக்க வேண்டும் என்பதைக் குவாண்டம் கோட்பாடு முன்பே துல்லியமாகச் சொல்லியிருந்தது. 1972 முதல் ஜான் கிளாசர், அலாஞ் ஆஸ்பெ முதலியோர் செய்த சோதனைகள் அதே திசையைக் காட்டியிருந்தன. டெல்ஃப்ட் சோதனை நடந்த அதே 2015-இலேயே வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் வேறு குழுக்கள் ஒளித்துகள்களைக் கொண்டு மிக உயர்ந்த உறுதியோடு அதே முடிவுக்கு வந்தன. 2022-இல் ஆஸ்பெ, கிளாசர், அன்டன் சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது, ஒளியைவிட விரைவாகச் செய்தி அனுப்பலாம் என்ற வகையில் சில செய்திகள் வந்தன. அது தவறு, ஒரு முனையில் கிடைக்கும் விடைகளைத் தனியே பார்த்தால் அவை வெறும் தற்செயல் வரிசையாகவே இருக்கும் என்பதால், பிணைப்பைக் கொண்டு எந்தத் தகவலையும் அப்படி அனுப்ப இயலாது.

அதே 0.039 ஒரு வகுப்பறை ஆய்விலிருந்து வந்தால் நான் அதை மிகவும் தயங்கியே ஏற்பேன். அங்கே, முன்கூட்டியே எண்ணைச் சொல்லிவைக்கும் கோட்பாடு இல்லை. எலக்ட்ரான்களைப் போல ஒன்றுக்கொன்று வேறுபாடற்ற மாணவர்களும் இல்லை.

வலைப்பின்னல் ஆய்வுகளில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவ்லர் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் 12,067 பேரின் தொடர்புகளை ஆராய்ந்து, நண்பர் ஒருவர் உடல் பருமன் அடைந்தால் ஒருவருக்கும் அது ஏற்படும் வாய்ப்பு 57 விழுக்காடு கூடுவதாக வெளியிட்ட கட்டுரை பெரும் புகழ் பெற்றது. பருமன் தொற்றுகிறது என்றே செய்திகள் பரவின. மறு ஆண்டில் ஈத்தன் கோஹன்-கோல், ஜேசன் ஃபிளெச்சர் ஆகியோர், அதே வகைப் பகுப்பாய்வை வளரிளம் பருவத்தினரின் தரவில் செய்து பார்த்தபோது, முகப்பருவும் தலைவலியும், ஏன், உயரமும்கூட நண்பரிடமிருந்து நண்பருக்குத் தொற்றுவதாகக் கணக்குக் காட்டியது. உயரம் தொற்றாது என்பதற்கு ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. ஒத்த இயல்புடையோர் நட்பாவதையும், ஒரே சூழலில் வாழ்வோர் ஒன்றுபோல் மாறுவதையும், ஒருவர் மற்றவரை உண்மையிலேயே மாற்றுவதிலிருந்து பிரித்தறிவது, ஆட்களைக் கணுக்களாகவும் நட்பை இணைப்புகளாகவும் வரைந்த படத்திலிருந்து மட்டும் கைகூடாது. இதனால் முதல் ஆய்வு பொய்யாகிவிடவில்லை. ஆனால் தொற்றுகிறது என்று உறுதியாகச் சொல்ல அதில் இடமில்லை.

இந்த வேறுபாடு நடைமுறையில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, வலைப்பின்னலும் மாணவர் தேர்ச்சியும் சந்திக்கும் ஓர் ஆய்வே சான்று. அமெரிக்க விமானப்படை அகாடமியில் புதிய மாணவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். மதிப்பெண் உயர்ந்த தோழர்கள் மிகுந்த குழுவில் தற்செயலாகச் சேர்ந்த பின்தங்கிய மாணவர்கள் நன்றாகப் படிப்பதாக அங்கே முந்தைய தரவுகள் காட்டின. அதை நம்பி, ஸ்காட் கேரல், புரூஸ் சசர்டோட், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள், பின்தங்கியவர்களை முன்னணி மாணவர்களோடு வேண்டுமென்றே கலந்து புதிய குழுக்களை அமைத்தார்கள். ஒப்பிடுவதற்காக வழக்கமான குழுக்களையும் வைத்துக்கொண்டார்கள். 2013-இல் வெளியான முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. யாருக்கு உதவ எண்ணினார்களோ அந்தப் பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண்தான் குறைந்தது. குழுவுக்குள்ளேயே முன்னணியினர் தமக்குள்ளும், பின்தங்கியோர் தமக்குள்ளும் நட்புக் கொண்டு பிரிந்துவிட்டதே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒரே அறையில் அமர்த்துவது அதிகாரியின் கையில் இருக்கிறது. யாரோடு யார் பேசுவார்கள் என்பது அவர் கையில் இல்லை. சோதித்துப் பார்க்காமல் முந்தைய தரவை மட்டும் நம்பி இதைத் திட்டமாகவே நடைமுறைப்படுத்தியிருந்தால், தீங்கு நேர்ந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

மாணவர் ஆய்வுகளில் விளைவின் அளவையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அறிவுத்திறன் பயிற்சியால் வளரக்கூடியது என்று மாணவர்களுக்கு உணர்த்தும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சி ஒன்று அமெரிக்காவில் 65 பள்ளிகளில் சோதிக்கப்பட்டு, 2019-இல் அதன் முடிவு வெளியானது. பள்ளிகள் நாடு முழுவதிலுமிருந்து முறைப்படி தெரிவு செய்யப்பட்டன. மாணவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். பகுப்பாய்வுத் திட்டம் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டது. இவ்வளவு நேர்த்தியாக நடந்த அந்த ஆய்வில், மதிப்பெண் குறைந்த மாணவர்களிடம் காணப்பட்ட உயர்வு, ஏறத்தாழ நான்கு புள்ளிகள் கொண்ட அளவுகோலில், சராசரியாக 0.1 தரப்புள்ளி. செலவு மிகக் குறைவு என்பதால் அது பயனுள்ள முடிவுதான். ஆனால் அந்தப் புள்ளியைச் சொல்லாமல், மனநிலையை மாற்றினால் மதிப்பெண் கூடும் என்று மட்டும் எழுதினால், படிப்பவர் மனத்தில் எழும் எண் 0.1 ஆக இருக்காது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான். ஆய்வுச் செய்தி ஒவ்வொன்றின் அடியிலும், எதை, எத்தனை பேரிடம் அல்லது எத்தனை முறை அளந்தார்கள், கிடைத்த விளைவு எவ்வளவு பெரியது, வேறு குழு எதுவும் அதை மீண்டும் கண்டதா என்பதை இரண்டு வரிகளில் தாருங்கள். இவற்றில் பெரும்பகுதி மூல ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்திலேயே இருக்கும். பல்கலைக்கழகங்கள் அனுப்பும் செய்திக்குறிப்பில்தான் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். ஒரு முடிவு பின்னர் திருத்தப்பட்டாலோ திரும்பப் பெறப்பட்டாலோ, முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் அதையும் வெளியிட வேண்டும்.

இடப்பற்றாக்குறையால் எல்லாச் செய்திகளுக்கும் இதை உடனே செய்ய இயலாதென்றால், மாணவர் தொடர்பான செய்திகளிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைதூரக் கோளைப் பற்றிய செய்தி பிழையாகிப்போனால் யாருடைய அன்றாட வாழ்க்கையும் மாறிவிடாது. படிக்கும் முறை பற்றிய செய்தியையோ, ஆசிரியர்களும் பெற்றோரும் மறுநாளே பிள்ளைகளிடம் செயல்படுத்திப் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
அறிவியல் பக்கத்தின் வாசகர் ஒருவர்