நாற்பது ரூபாய்க்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவருக்கும் வணக்கம்.

நேற்று மாலை ஏற்காட்டிலிருந்து இறங்கிவந்ததும், வண்டியின் அடித்தட்டில் ஒட்டியிருந்த ஈர மண்ணைக்கூடத் துடைக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கென்று தள்ளிப்போட்டால் மனம் ஆறிவிடும், ஆறியபின் எழுதுகிற நன்றி வெறும் சம்பிரதாயமாகிவிடும் என்று ஓர் அச்சம். சென்ற ஐப்பசியிலிருந்து மாசி வரை எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே மறுபடி விரிக்கப் போவதில்லை. இன்று காலை என் மனைவி தாமே காப்பி போட்டுக் குடித்துவிட்டு, டிகாஷன் சரியில்லை என்று என்னைத் திட்டினார் என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

ரத்தம் கொடுத்தவர்கள், இரவுகளில் மாறி மாறி வராந்தாவில் துணைக்குப் படுத்தவர்கள், எங்கள் மகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக வைத்துப் பள்ளிக்கு அனுப்பியவர்கள், அடுக்குத் தூக்கில் சோறு கொண்டுவந்தவர்கள் ஆகிய அனைவரையும் வீடு தேடிவந்து பார்த்துவிட்டேன். அந்தக் கடன் ஒரு மடலால் தீரக்கூடியதன்று. இந்த மடல், அதற்குப் பின்னால் நடந்த, உங்களில் சிலருக்குச் சிரிப்புக்கூட வரக்கூடிய ஒரு சின்னக் காரியத்துக்கானது. என் ஆர்.சி. வண்டி, அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்ன வண்டி, மறுபடி ஓடுகிறது. அதை ஓட்ட வேண்டும் என்ற ஆசையும் எனக்கு மறுபடி வந்திருக்கிறது; வராது என்றே நான் முடிவுகட்டியிருந்தேன்.

ஆஸ்பத்திரிச் செலவுக்காக இரண்டாவது வண்டியையும், நல்ல சார்ஜரையும், பிரிக்காமல் வைத்திருந்த டயர்களையும் விற்றேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்; வாங்கியவர்களே உங்களில் சிலர்தான். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த, பின்சக்கரங்களால் ஓடும் இந்த பக்கி வண்டி மட்டும் விற்காமல் நின்றதற்கு என் பாசம் காரணமன்று. ஓடாத வண்டியை யாரும் கேட்கவில்லை. அந்த ஐப்பசி இரவில் நான் அதற்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றியபோது சக்கரத்தை அச்சோடு பிணைக்க அதன் குறுக்கே நிற்கும் ஊசி, 2 மில்லிமீட்டர் கனமும் 10 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சின்ன எஃகுத் துண்டு, உருண்டு கீழே விழுந்தது. குனிந்து தேடுவதற்குள் உள்ளிருந்து கூப்பிட்டார்கள். அதன்பின் அதைத் தேட எனக்கு நேரம் இருக்கவில்லை. நேரம் வந்தபோது மனம் இருக்கவில்லை.

பணத்தை மட்டும் காரணம் சொன்னால் அது முழு உண்மையாகாது. ஒரு ஜோடி டயரின் விலையைப் பார்த்தால் அது எத்தனை நாள் மருந்து என்று கணக்குப் போடும் பழக்கம் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் என்னை அதிகம் விரட்டியது ஓர் ஒலி. வண்டியின் சுவிட்சைப் போட்டவுடன், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டார் வழியாகவே இரண்டு குறுகிய பீப், பிறகு ஒரு நீண்ட பீப் கொடுக்கும். இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி போட்டிருக்கிறது, வண்டி தயார் என்று அதற்குப் பொருள். பல ஆண்டுகள் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே அந்த மூன்று ஒலிகள்தாம். கட்டிலின் தலைமாட்டில் இருந்த கருவியின் ஓசையை நான்கு மாதம் கேட்டபின், அதே மாதிரி ஒலிக்கிற எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. வண்டியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். வீடு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், "இனி எடுங்களேன்" என்று நீங்கள் பலர் சொன்ன பிறகும், கை அந்தப் பக்கம் போகவில்லை. நான் சிரித்துக்கொண்டே ஆகட்டும் என்று சொன்னதெல்லாம் பொய். அதற்கு மன்னிப்பும் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

வைகாசியில் ஒரு நாள் மகள் தானாகவே பரணில் ஏறி அதை இறக்கினாள். சக்கரத்தை மாட்டி நட்டையும் முடுக்கிவிட்டாள். குறுக்கே ஊசி இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. மோட்டார் ரீங்காரமிட்டது, வண்டி நகரவில்லை. மோட்டாரின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலின் இயல்பு அது. எந்தப் பக்கம் சுழல்வது எளிதோ அந்தப் பக்கத்துக்கே சுழற்சியையெல்லாம் தள்ளிவிடும். ஊசி இல்லாத பக்கத்து அச்சு சக்கரத்துக்குள் வீணாகச் சுற்ற, ஊசி இருக்கிற வலப்பக்கச் சக்கரம் ஒன்றும் அறியாததுபோல நிற்கும். நான் அதை விளக்கிச் சொல்லியிருக்கலாம். "பழுதாகிவிட்டது, வைத்துவிடு" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் செவ்வாய்ப்பேட்டைக்குப் போக வேண்டியிருந்தது. கார்த்திகையில் என் மனைவியின் கால் இளைத்துக் கொலுசு குதிகாலைத் தாண்டி நழுவத் தொடங்கியபோது, இந்தப் பெரியவர்தான் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கண்ணிகளைக் கழற்றி அளவைக் குறைத்துக் கொடுத்தார். கழற்றிய நான்கு கண்ணிகளையும் ரோஸ் நிறத் தாளில் மடித்து, "பத்திரமா வைங்க, திரும்பச் சேர்க்க வேண்டி வரும்" என்று சொல்லிக் கையில் கொடுத்தார். அன்று அந்தச் சொல்லை நான் காதில் வாங்கவில்லை. வைகாசியில் கொலுசு காலை இறுக்கத் தொடங்கியதும் அந்தத் தாளைத் தேடி எடுத்துக்கொண்டு போனோம். மகள் தன் பையில் வண்டியையும் வைத்துக்கொண்டு வந்தது பட்டறையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அந்த இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிமிர்ந்து நிற்க இடமில்லாத அறை, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பலகை, அதன்மேல் சாமணமும் ஊதுகுழலும் வெங்காரக் கிண்ணமும். அவர் கண்ணிகளைக் கோத்து, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதி, தண்ணீரில் போட்டு எடுத்து முடிக்கும் வரை மகள் பொறுமையாக இருந்தாள். பிறகு வண்டியைப் பலகையின்மேல் வைத்து, "தாத்தா, இதுவும் ஓடலை" என்றாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. வெள்ளி வேலை செய்கிறவரிடம் பிளாஸ்டிக் வண்டியைக் காட்டுவதா என்று நான் கையை நீட்டுவதற்குள் அவர் அதைத் திருப்பிப் பிடித்து, பின்சக்கரங்களை இரண்டு விரலால் சுற்றிப் பார்த்து, வலப்பக்கம் பிடிக்கிறது, இடப்பக்கம் பிடிக்கவில்லை என்று அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு நட்டுகளையும் கழற்றச் சொல்லி, வலப்பக்க ஊசியைச் சாமணத்தால் உருவி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"வெள்ளிக் கம்பியில போட்டா வளைஞ்சிடும் கண்ணு," என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஒரு பழைய தகர டப்பாவைக் கவிழ்த்து, முனை உடைந்த 2 மில்லிமீட்டர் டிரில் பிட்டுகள் இரண்டை எடுத்தார். அவற்றின் காம்பைச் சாணைக்கல்லின் விளிம்பில் வைத்து அளவாக அறுத்து, வெட்டிய முனைகளை ஓரம் மழுக்கி, அச்சின் துளையில் நுழைத்துப் பார்த்தார். மயிரிழை இறுக்கமாக இருந்தது. உப்புத்தாளை விரலுக்கிடையில் மடித்து, ஊசியை அதற்குள் வைத்து உருட்டி உருட்டித் தேய்த்தார், நுழைத்தார், மறுபடி தேய்த்தார். மூன்றாவது முறை அது தானாக உள்ளே போய் நின்றது. இதற்கிடையில் ஒரு முறை ஊசி பலகையிலிருந்து தெறித்துத் தரையில் விழ, நான் பதறிக் குனிந்தேன். "இங்க விழுந்தது எங்கியும் போகாது தம்பி, கூட்டுற தூசியைக்கூட நாங்க கொட்டுறதில்லை" என்று சொல்லிவிட்டு, நிதானமாக ஒரு தூரிகையால் தரையைத் துழாவி அதை எடுத்தார்.

சக்கரத்தை மாட்டியதும் புறப்படலாம் என்று எழுந்தேன். அவர் எழவில்லை. மீதியிருந்த காம்புகளிலிருந்து இன்னும் மூன்று ஊசிகளை அதே அளவில் அறுத்து, அதே போலத் தேய்த்து, ஒவ்வொன்றையும் அச்சில் நுழைத்துச் சரிபார்த்து, கண்ணிகள் வந்த அதே ரோஸ் தாளில் மடித்தார். கொலுசுக் கூலியைச் சொல்லிவிட்டு, "ஊசி நாலு, நாப்பது ரூபா" என்றார். நான் கேட்டது ஒன்றுதானே என்று என் முகம் காட்டியிருக்க வேண்டும். "ஓட்டுற வண்டி தம்பி. உடையத்தான் உடையும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொலுசை எடுத்துக்கொண்டார்.

அவர் பொடி வைத்துப் பேசுகிறவர் அல்லர். பொடியைக் கொலுசில் வைப்பதோடு சரி. எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவும் மாட்டார். எங்கள் வீட்டு நிலையைக் கொலுசின் அளவிலிருந்து அவர் எவ்வளவு ஊகித்தார் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஏழு மாதங்களில் என்னிடம் பேசிய எல்லோரும், நான் உட்பட, இனி ஒன்றும் உடையாமல் இருக்க வேண்டுமே என்ற பதற்றத்திலேயே பேசினோம். உடையும், உடைந்தால் மாற்றிக்கொள், அதற்கு மூன்று வைத்துக்கொள் என்று கணக்காகக் கூலி வாங்கிக்கொண்டு சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் பணம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் நெகிழ்ந்து வணங்கிவிட்டு, வண்டியை மறுபடி பரணிலேயே போட்டிருப்பேன். மூன்று ஊசிக்குக் காசு கொடுத்துவிட்டேன். ஓட்டாமல் எப்படி விடுவது?

அன்றிரவு சுவிட்சைப் போட்டோம். அந்த மூன்று ஒலிகளும் வந்தன. இனிமையாக இருந்தன என்று சொல்ல மாட்டேன், அடுப்படியிலிருந்து என் மனைவி, "பாட்டரி இருக்கா அதில?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். உப்பியிருந்த என் பழைய பேட்டரிகளைப் பார்த்தவுடன், இனி இவற்றை சார்ஜரில் போட்டால் வீட்டுக்குத்தான் ஆபத்து என்று சொல்லித் தாமே பத்திரமாக அப்புறப்படுத்தி, தம்முடைய ஒன்றைக் கொடுத்த அஸ்தம்பட்டி நண்பருக்கு. விற்ற சார்ஜரை விற்ற விலைக்கே திருப்பித் தந்தவருக்கு. அதிர்வைத் தாங்கும் டம்பர்களின் பழைய எண்ணெயை மாற்றி, பினியன், ஸ்பர் கியர் என்ற இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே ஒரு தாள் துண்டை ஓடவிட்டு இடைவெளி சரிபார்த்த இரு தம்பிகளுக்கு. 1976-இல் ஜப்பானின் டாமியா நிறுவனம் போர்ஷே 934 ஆர்.சி. வண்டியைக் கொண்டுவந்த கதையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் என் மகளுக்கு அலுக்காமல் சொன்ன சூரமங்கலத்து அண்ணனுக்கு (அவள் அலுத்தாள், ஆனாலும் கேட்டாள்). "இந்த வயசில் பொம்மை வண்டியா" என்று கேட்டவருக்கும்கூட, ஏனென்றால் அடுத்த வாரம் ரிமோட்டைக் கொஞ்சம் கொடு என்று வந்து நின்றவரும் அவர்தான். ஏற்காட்டு எஸ்டேட்டின் கணக்கருக்குத் தனியாக ஒரு கும்பிடு. காப்பிப் பழம் பறிக்கிற காலம் தொடங்கும் வரை சும்மா கிடக்கும் சிமெண்ட் உலர்களத்தை, முன்பு போலவே எங்களுக்குத் திறந்துவிட்டார். அந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த அந்நாள் சேலம் ஆட்சியர் காக்பர்னுக்கு, அதைக் காயவைக்கும் களம் இதற்கும் பயன்படும் என்று தோன்றியிருக்காது.

நேற்று அந்தக் களத்துக்குத்தான் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். மேலே பனிமூட்டம், சிமெண்ட் தரையில் லேசான ஈரம், முடுக்கியவுடன் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று. முதல் இரண்டு வளைவுகளில் கை பழக்கம் மறந்து தடுமாறியது. மூன்றாவதில் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, வழுக்கலை வழுக்கலாகவே வெளியே கொண்டுவந்தேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு களத்தின் ஓரச் சுவரில் உட்கார்ந்திருந்த என் மனைவி, நான் சிரித்ததாகப் பிறகு சொன்னார்.

இனிமேல் மாதத்தில் ஒரு ஞாயிறாவது வண்டி தரையில் இறங்கும்; ஓட்டி முடித்தபின் பேட்டரியை, சும்மா வைப்பதற்கேற்ற அளவான ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தாமல் பெட்டியில் வைக்க மாட்டேன். தெருவில் எந்தப் பிள்ளை கேட்டாலும் ரிமோட்டைக் கொடுப்பேன். இந்த மூன்றையும் எல்லோரும் அறிய எழுதிவைக்கிறேன், தவறினால் நீங்கள் கேட்கலாம்.

பெரியவரே, உங்கள் பெயரைப் போடக் கூடாது என்று சொன்னதால் போடவில்லை. இதை உங்கள் பேரன் வாசித்துக் காட்டுவான் என்று நம்புகிறேன். நேற்று நான்காவது முறை பேட்டரியை ஏற்றி ஓட்டியபோது, களத்தின் விளிம்புக் கல்லில் இடப்பக்கச் சக்கரம் மோதி, நீங்கள் போட்ட ஊசி இரண்டாக முறிந்தது. மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து நட்டைக் கழற்றி, தாளைப் பிரித்து, வேறொன்றை மாட்டினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தாளில் இன்னும் இரண்டு இருக்கின்றன.