அங்கன்வாடி இருக்கும் இரும்புக் கட்டடத்தின் நிலநடுக்கத் தாங்குதிறனைச் சோதிக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: தெருமக்கள் சார்பாக, ஏற்காடு அடிவாரம், சேலம்.

பெறுநர்: உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்.

ஐயா,

வணக்கம். மலைப்பாதை தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் இரும்புச் சட்டகக் கட்டடம் தங்களுக்குத் தெரியும். கீழே ரேஷன் கடை, மாடியில் அங்கன்வாடி. இதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்தும் பதில் இல்லை.

1. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டடம் கட்டுவதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893 (2002). அதன் பட்டியலில் சேலம் மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான நிலநடுக்க ஆபத்து உள்ள பகுதி. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 அளவில் நிலநடுக்கம் வந்திருக்கிறது.

2. "இரும்பு வளையும், விழாது" என்று உங்கள் தரப்பில் நேரில் சொன்னார்கள். இதை எழுதும் நான் முப்பது வருஷம் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்த்தவன். பீம் வளைய வேண்டுமானால், அது தூணோடு சேரும் வெல்டிங் பிடித்து நிற்க வேண்டும். 1994 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் நார்த்ரிட்ஜில் நிலம் ஆடியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட இரும்புக் கட்டடங்களில் அந்த இணைப்புகள்தான் விரிசல் விட்டன. வெளியே நன்றாகத் தெரிந்த கட்டடங்களிலும் மேல்பூச்சைப் பிரித்த பிறகே விரிசல் தெரிந்தது.

3. இங்கே பிரிக்காமலே தெரிகிறது ஐயா. மாடிப்படியைத் தாங்கும் தூணைத் தரையோடு பிடிக்கும் அடித்தகட்டில் (பேஸ் பிளேட்) நான்கு போல்ட். இரண்டில் நட்டே இல்லை. மூன்றாவது நட்டை விரலால் சுழற்றலாம். நகத்தால் சுரண்டினால் துரு ஏடு ஏடாக வருகிறது. லாரி போனால் மாடியில் குடத்தின் மேல் கவிழ்த்த டம்ளர் கிணுகிணுக்கிறது. மதியம் சாப்பாடு முடிந்து பிள்ளைகளுக்கு அங்கேதான் பாய் விரிக்கிறார்கள். என் பேத்தியும் அங்கேதான் தூங்குகிறாள். இறங்க அந்த ஒரு படிதான். தூண் நகர்ந்து படி போய்விட்டால் மூன்று வயதுப் பிள்ளை எப்படி இறங்கும்? போன முறை வந்தவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், போய்விட்டார். சீலிங்குக்கு மேலே இருக்கும் வெல்டிங் அண்ணாந்து பார்த்தால் தெரியுமா? எத்தனை முறைதான் எழுதுவது?

4. சீலிங்கைப் பிரித்து, வெல்டிங்கில் சாயம் பூசி மேல்விரிசலைப் பார்க்கும் டி.பி. டெஸ்ட், ஒலி அலையால் உள்விரிசலைப் பார்க்கும் அல்ட்ராசோனிக் டெஸ்ட் எடுத்து, தூண்களின் தூக்குக்குண்டு அளவையும் வரைபடத்தோடு பதிவு செய்யுங்கள். இன்றைய அளவு கையில் இருந்தால்தான், நாளை ஆடினாலும் எவ்வளவு சாய்ந்தது, எதை மாற்றிவிட்டுத் திறக்கலாம் என்று சீக்கிரம் சொல்ல முடியும். இல்லையென்றால் மாதக்கணக்கில் பூட்டுத்தான் தொங்கும்.

5. அதுவரை பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

ஐயா, மறுபடியும் கேட்கிறோம். சோதனைக்கு நாள் ஆகும் என்றால், அந்த நட்டுகளையாவது இந்த வாரம் போடச் சொல்லுங்கள். வாங்கிப் போட எங்களால் முடியும், ஆனால் அரசுக் கட்டடத்தில் நாங்கள் கை வைக்கக் கூடாதே.

இப்படிக்கு,
தெருமக்கள்