மகாராணியை விற்றுவிட்டேன்

தாம்பரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேது,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். ஏழு மாதமாக உன் அழைப்புகளை நான் எடுக்காததற்குக் கண் அறுவை சிகிச்சையைக் காரணமாக உன் தங்கை சொல்லியிருப்பாள். அது பாதிப் பொய். கண் இரண்டே வாரத்தில் தெளிந்துவிட்டது. எடுத்தவுடன் நீ முதலில் எதைக் கேட்பாய் என்று தெரிந்ததால்தான் மீதி நாட்களில் எடுக்கவில்லை. இப்போது சொல்வதற்குப் பதில் இருக்கிறது. நம் பழைய கார் மகாராணியை விற்றுவிட்டேன். போன வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. பட்டாபிக்கும் சொல்லிவிடு; 2014-இல் அவன் சொன்ன ஜோசியம் பலித்துவிட்டதென்று ஒரு வாரம் அவனுக்குத் தூக்கம் வராது.

வீட்டை இடித்துக் கட்ட பில்டரிடம் கொடுப்பதென்று அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டாயிற்று. தை பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். எங்கள் பங்குக்கு வரும் கார் நிறுத்துமிடத்தில் நான்கு சக்கரத்தோடு உள்ளே வந்து வெளியே போகக்கூடிய ஒன்றைத்தான் நிறுத்த வேண்டும் என்றும், பதினேழு அட்டைப்பெட்டிகளையும் ஒரு தகரக்கூட்டையும் காராகக் கணக்கில் எடுக்க முடியாது என்றும் உன் தங்கை குரலை உயர்த்தாமலே சொன்னாள். அவள் குரலை உயர்த்தாதபோதுதான் எனக்குப் பயம் வரும் என்பது உனக்குத் தெரியும்.

கும்பகோணத்தில் அந்தத் தலைமையாசிரியர் வீட்டுத் தென்னங்கீற்றுக் கொட்டகையில் அதை நாம் முதலில் பார்த்த மாலையை நினைத்துப் பார். 1969-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மார்க் த்ரீ. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள்தான், அதை 1968-இல் நான்கு கதவுக் காராக்கியது நம் மெட்ராஸ்காரர்கள் என்று ஆசிரியரின் மகனிடமே நீ பாடம் நடத்தினாய். அந்த மனிதர் விலையைக் குறைக்க நினைத்திருந்தாலும் உன் பாடத்துக்குப் பிறகு குறைக்கவில்லை. துருப்பிடித்திருந்ததே தவிர அன்று அது முழுக் கார். நான்கு கதவும் சாத்தினால் சாத்திக்கொண்டன.

அதை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்தோம். பதினொரு ஆண்டுகளில் பூட்ட முடியவில்லை. அந்தக் காரின் சுலபமே நம்மைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. சேசிஸ் என்ற தனி அடிச்சட்டம், அதன் மேல் போல்ட் போட்டு மாட்டிய உடற்பகுதிகள். பானெட்டைத் திறந்தால் மட்கார்டோடு சேர்ந்து முகம் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். இஞ்சின் அருகில் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். இஞ்சு அளவு ஸ்பானர்கள் நான்கே நான்கு இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் பாதிக் காரைக் கழற்றிக் கொட்டகையில் பரப்பலாம். நாமும் பரப்பினோம். எந்தப் போல்ட் எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கலாமா என்று மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதையும், எனக்கு எல்லாம் மனப்பாடம் என்று நான் சொன்னதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

உன்னிடம் சொல்லாத தவறு வேறொன்று உண்டு. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகள் துருவில் அரித்துப் போயிருந்தன அல்லவா? உடலைக் கழற்றி வைத்துவிட்டு அவற்றை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வைத்தேன். வேலை பார்வைக்கு அழகாக வந்தது. ஆனால் பழைய கைகள் இருந்த அளவைக் குறித்து வைக்கவில்லை; உடலை மேலே வைத்துப் பொருத்திப் பார்த்தபடி ஒட்டவும் சொல்லவில்லை. ஹெரால்டில் உடல் சேசிஸின் மேல் உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் எத்தனை தகடு அண்டை கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே கதவுகளின் இடைவெளி அமையும். ஒரு மூலையில் இரண்டு மில்லிமீட்டர் ஏற்றினால் இன்னொரு மூலையில் கதவின் மேல்விளிம்பு உரசும். அதைச் சரிசெய்தால் பின்கதவு பூட்டில் விழாது. நான்கு கதவு என்பதால் இந்தத் தொல்லை இரட்டிப்பு. இடது முன்கதவின் இடைவெளி மேலே மூன்று மில்லிமீட்டர், கீழே ஒன்பது. இரண்டு ஆண்டுகள் அந்த ஆறு மில்லிமீட்டரோடு மல்லுக்கட்டினேன். பட்டி போட்டு மறைத்துவிடலாம் சார், பெயின்ட் அடித்தால் யாருக்குத் தெரியும் என்று டிங்கர் சொன்னார். அவரை அனுப்பிவிட்டு நானும் கொட்டகையைப் பூட்டினேன். அது 2019.

அதற்குப் பிறகு நான் அந்தக் காரில் ஒரு போல்ட்டைக்கூட முறுக்கவில்லை, சேது. சாமான் வாங்குவதை மட்டும் விடவில்லை. மாதம் ஒருமுறை பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போவேன். "ஹெரால்டா? அது எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்கும் பையன்களைத் தாண்டி உள்ளே போய், நம் வயதுக்காரர் யாராவது பழைய மூட்டையைப் பிரித்துக் காட்டினால் கண்ணில் பட்டதை வாங்கி வருவேன். உன்னிடம் தொலைபேசியில் வேலை நடக்கிறது என்பேன். விற்பதற்காகப் பெட்டிகளைத் திறந்து பட்டியல் எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. கிளட்ச் பிளேட் மூன்று, வாட்டர் பம்ப் ரிப்பேர் கிட் நான்கு, ஒரே பக்கத்து இண்டிகேட்டர் கண்ணாடி ஐந்து. கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி ஒன்றுகூட இல்லை. ஒரு பொருள் தேவைப்பட்டு வாங்குபவன் ஒரே பக்கத்துக்கு ஐந்து கண்ணாடி வாங்கமாட்டான். நான் எதற்காக வாங்கிக்கொண்டிருந்தேன் என்பதை அன்று மாலை உன் தங்கையிடம் சொல்ல முடியாமல், கொசு கடிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

விற்பதும் இலேசான காரியமாக இல்லை. துருப்பிடித்து நின்றாலும் முழுதாக நிற்கும் காருக்கு ஒரு விலை உண்டு. வாங்குபவன் சுற்றி வந்து பார்த்தால் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவிடும். பிரித்துப் பெட்டியில் போட்ட காரின் விலை பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது, எவ்வளவு செலவு செய்திருந்தாலும். முதலில் வந்தவர் காரைப் பார்க்கவே இல்லை, ஆர்.சி. புத்தகத்தை மட்டும் கேட்டார். அவருக்கு வேண்டியது பழைய மெட்ராஸ் எண். இரண்டாமவர் புது இஞ்சினும் ஏ.சி.யும் வைத்துக் கல்யாண ஊர்வலத்துக்கு விடப்போவதாகச் சொன்னார். காயலான் கடைக்காரர்தான் நேர்மையானவர். கூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, முழுக் காரே எண்ணூறு கிலோதான் வரும், இதில் இஞ்சினைத் தனியாகக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று என்னிடமே கணக்குக் கேட்டார்.

நான்காவதாக வந்தவன் இருபத்தெட்டு வயதுப் பையன். பெருங்களத்தூரில் பழைய ஸ்டாண்டர்ட் தொழிற்சாலை நிலத்தில் எழும்பியிருக்கும் ஐ.டி. வளாகத்தில் வேலை பார்க்கிறான். இந்தக் கார் பிறந்த இடத்தில்தான் நீ தினமும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறாய் என்று நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன். இங்கிலாந்திலேயே ஸ்டாண்டர்ட் என்ற பெயரை 1963-இல் கைவிட்டுவிட்ட பிறகு எண்பதுகளின் இறுதிவரை அந்தப் பெயரில் கார் ஓடியது நம் ஊரில்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். "அப்படியா அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவன் தரையில் படுத்து டார்ச் அடித்து முன்சக்கரத்துக்குப் பின்னால் பார்க்கப் போய்விட்டான்.

எழுந்து வந்து அவன் கேட்ட முதல் கேள்வி, "டிரன்னியனுக்கு எண்ணெய் விட்டீர்களா, கிரீஸ் அடித்தீர்களா?" சேது, பதினொரு ஆண்டில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனையில் மரை போட்டு அதை டிரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகியிருப்பதும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையே சுழல்வதும் உனக்குத் தெரியும். அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும். பழைய மெக்கானிக்குகள் மற்ற இடங்களைப் போலவே அங்கும் கிரீஸை அடைத்து வைக்க, நாளடைவில் உள்ளே எண்ணெய்ப் பசை இல்லாமல் தண்ணீர் இறங்கி, மரை தேய்ந்து, ஏதோ ஒரு திருப்பத்தில் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். நம்முடையதிலும் கிரீஸ்தான் இருந்தது. கழற்றிப் பார்த்து இரண்டையும் மாற்றியிருக்கிறேன் என்றேன். கழற்றிய பழையதைக் காட்டுங்கள் என்றான். காட்டினேன். விரலால் மரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தான். அந்த நொடியிலேயே விலையை மனதுக்குள் பத்தாயிரம் குறைத்துவிட்டேன்.

இப்படிப்பட்டவனிடம் எதையும் மறைக்கத் தோன்றவில்லை. ஆறு மில்லிமீட்டர் கதையையும், ஐந்து கண்ணாடிகளையும், கைப்பிடிகள் இல்லாததையும் சொன்னேன். காகிதத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொண்டது. நாம் வாங்கிய ஆண்டே பெயர் மாற்றியிருக்க வேண்டும். கார் தயாரான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்டுவிட்டேன். இதற்கிடையில் தலைமையாசிரியர் காலமாகிவிட்டார். அவர் மகனைத் தேடிப் பிடித்து, வாரிசு என்ற முறையில் படிவம் 31-இல் முதலில் அவர் பெயருக்கு மாற்றி, பிறகு 29, 30 படிவங்களில் அடுத்தவர் பெயருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கும்பகோணத்துக்கு நான்கு முறை போய் வந்தேன். அந்த மகன் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "முடிந்ததும் ஒரு ரவுண்டு காட்டுகிறேன் என்று என் அப்பாவிடம் சொல்லியிருந்தீர்கள்" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்தில் எனக்கு அதே நினைவாக இருந்தது. பில்டரும் கொட்டகையும் உன் தங்கையும் வெளிக்காரணங்கள். இனியும் யாருக்காவது அப்படி வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அந்தப் பயணத்தில்தான் முடிவு செய்தேன்.

பையனுக்கு இதிலும் விவரம் தெரிந்திருந்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த தனி விதிகளில் பதிவு செய்யப்போகிறானாம். சேசிஸ், உடல், இஞ்சின் எதிலும் கைவைத்து உருமாற்றியிருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பதிவு பத்து ஆண்டு செல்லும். கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டக் கூடாது. அதனால்தான் அந்த 948 சி.சி. இஞ்சின் எண்ணைத் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு மூன்று முறை ஒப்பிட்டான். கல்யாண ஊர்வலக்காரருக்கு விற்காமல் போனதற்கு நம் குலதெய்வத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

செலவுக் கணக்கு நோட்டில் மொத்தம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் இருக்கிறது. எண்பத்தையாயிரத்துக்குக் கொடுத்தேன். நீ திட்டுவதற்காக இங்கே ஒரு வரி விடுகிறேன்.

ஏற்றிய காலையைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. ரெக்கவரி வண்டி எங்கள் சந்துக்குள் நுழையாது என்று முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். சக்கரங்களும் ஸ்டியரிங்கும் இருந்தன, சீட் இல்லை. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு நான் அதில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். பையனும் அவன் நண்பர்களும் பின்னாலிருந்து தள்ளினார்கள். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் என் மாப்பிள்ளையின் கார் மூன்று முறை முன்னும் பின்னும் போய்த்தான் திரும்பும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் கார் என்று நீ பாடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்தது. முழுக்கத் திருப்பினேன், சக்கரம் ஏறக்குறைய குறுக்காகவே நின்றது, ஒரே வீச்சில் திரும்பிவிட்டது. டீக்கடையில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விசில் அடித்தார். பதினொரு ஆண்டில் நான் அந்தக் காரை ஓட்டியது அந்த நூற்றைம்பது அடிதான். இரண்டாவது கியர் போட்டிருக்கலாமே என்று உன் தங்கை வாசலில் நின்று கேட்டாள். கியர்பாக்ஸ் ஒன்பதாம் பெட்டியில் இருந்தது.

இனி உன் பங்குக்கு வருகிறேன். பட்டியலில் 214-ஆவது வரி: "ஹப் கேப் ஒன்று, திருச்சியில், நண்பரிடம்." கார் ஓடினால்தான் திருப்பித் தருவேன் என்று பந்தயப் பணயமாக அந்தச் சக்கர மூடியை நீ எடுத்துப்போய், டிவி பக்கத்தில் சாவிக்கொத்தும் சில்லறையும் போட்டு வைத்திருக்கிறாயே, அதுதான். அதைப் படித்ததும் பையன் சந்தேகமாக, "அவர் தருவாரா அங்கிள்?" என்றான். தருவார், ஆனால் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும் என்றேன். பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன், அதற்கான விருந்தை நீ எப்போது வந்தாலும் வைக்கிறேன். ஹப் கேப்பை மட்டும் அடுத்த வாரத்துக்குள் அனுப்பிவிடு. பார்சலில் போட்டால் நசுங்கும். உன் மருமகன் தாம்பரம் வரும்போது கையில் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
உன் ராமு

பி.கு.: அனுப்புவதற்கு முன் பளபளப்பாக்குகிறேன் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடாதே. மேலே இருக்கும் கொஞ்சம் குரோமியமும் போய்விடும்.