செயலாளரின் ஆண்டறிக்கை: நீலகிரி மேல்மலைக் குட்டைகளில் மீன் வளர்ப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின், மழையில் மண் சரிந்து சாலை அடைபட்ட ஐப்பசி நீங்கலாக, செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நான் மீன்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இவ்வாண்டின் பெரிய இழப்பு மார்கழியில், தலைகுந்தா பக்கத்து உறுப்பினர் ஒருவரின் குட்டையில் நேர்ந்தது. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த காலை அது. குட்டை ஓரத்தில் மட்டும் கண்ணாடித் தாள் போல் நீர் உறைந்திருந்தது, கெண்டைகள் வயிறு மேலாக மிதந்தன. குளிர் தாங்காமல் செத்தன என்றே கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். மூங்கில் கழியால் அடிச்சேற்றைக் கிளறியபோது அழுகிய முட்டை வாடையும், தின்னப்படாத கடலைப் பிண்ணாக்குக் கட்டிகளும் மேலே வந்தன. சாதாக் கெண்டை குளிருக்கு அஞ்சும் மீனன்று. ஐரோப்பாவில் மேற்பரப்பு உறைந்த குளங்களின் அடியில் அது மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து பிழைக்கிறது. ஆனால் நீரின் வெப்பம் 10 டிகிரியை நெருங்கும்போது அது ஏறக்குறைய உண்பதையே நிறுத்திவிடும். அந்நாளிலும் வழக்கமான அளவில் போட்ட தீவனம் அடியில் தங்கி அழுக, இரவில் குளிர்ந்து கனத்த மேல்நீர் கீழிறங்கி அந்த நஞ்சைக் குட்டை முழுவதும் கலக்கிவிட்டது என்பதே எங்கள் முடிவு. மூன்றடி ஆழமே இருந்ததால் மீன்கள் ஒதுங்கவும் இடமில்லை.

இதில் சங்கத்துக்கும் பங்குண்டு. நாங்கள் அச்சடித்துக் கொடுத்த தீவன அட்டவணை சமவெளிக் கையேட்டைப் பார்த்து எழுதியது. அதை மலைக்கேற்பத் திருத்தாதது என் தவறு. இனி கார்த்திகை முதல் மாசி வரை, வெயில் ஏறிய பின் வெப்பமானியை நீருக்குள் விட்டுப் பார்த்து, மீன்கள் மேலே வந்து தின்னும் அளவுக்கே தீவனம் போட வேண்டும். குட்டையின் ஒரு பகுதியையாவது ஆறடிக்குத் தோண்டும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

சமவெளி மீன்களான கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டவர்களுக்கு வளர்ச்சியே கிடைக்கவில்லை. ஜிலேபிக் கெண்டை முதல் கடுங்குளிரிலேயே போய்விட்டது. சமவெளியிலிருந்து மீன் குஞ்சுகளை அடைத்து வரும் ஆக்சிஜன் பைகளை, மலையேறிய களைப்பில் உடனே அவிழ்த்துக் கொட்டும் வழக்கமும் நிற்க வேண்டும். பையைக் குட்டையில் கால் மணி நேரமாவது மிதக்கவிட்டு, குட்டை நீரைச் சிறிது சிறிதாக உள்ளே கலந்த பிறகே குஞ்சுகளை வெளியே விட வேண்டும். இந்த மலைக்கு ஏற்ற மீன் எது என்பது முன்னோர் பார்த்து வைத்ததுதான்: சாதாக் கெண்டையின் ஒரு வகையான, பெரிய செதில்கள் ஆங்காங்கே மட்டும் கொண்ட மிரர் கார்ப் 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது.

குளிர்நீர் மீனான டிரவுட்டை வளர்க்க வேண்டும் என்று இளைய உறுப்பினர்கள் மனு கொடுத்துள்ளனர். நம் மலையின் அவலாஞ்சியில் 1907-இல் மீன் வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்த வரலாறு அவர்களுக்கு ஊக்கம் தருவது இயல்பே. ஆயினும் டிரவுட்டுக்குக் குளிர் மட்டும் போதாது. ஆக்சிஜன் நிறைந்த ஓடும் நீர் கோடையிலும் குறையாமல் வேண்டும், தவிடும் பிண்ணாக்கும் போட்டு அதை வளர்க்க இயலாது. பங்குனியில் நம் ஓடைகள் மெலிந்துவிடுவதை அனைவரும் அறிவர். வற்றாத ஊற்று உள்ள ஓரிருவர் முயன்று பார்க்கலாம், சங்கப் பணத்தை இதில் இறக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நம் மண் புளிப்பு மண் என்பதால், மீன் விடுவதற்கு முன் சுண்ணாம்பு இடுவதில் பெரும்பாலோர் இப்போது தவறுவதில்லை. மேட்டுக் கேரட் தோட்டங்களில் மருந்தடித்த மறுநாள் மழை பெய்தால் அந்த நீர் குட்டைக்குள் இறங்காதபடி சுற்று வாய்க்கால் வெட்டும் வேலைதான் பாதியில் நிற்கிறது. பக்கத்துத் தோட்டக்காரரும் பெரும்பாலும் நம் உறவினரே என்பதால் பேச்சு தயங்கித் தயங்கியே நடக்கிறது.

நீர்நாய் வந்துபோவதாக மூவர் புகார் அளித்துள்ளனர். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. கண்ணி வைக்கலாமா என்று கேட்டவருக்கு, கூடாது என்று எழுத்திலேயே பதில் தந்துள்ளேன். வேலி வலைக்கான செலவைப் பகிர்ந்துகொள்ளும் தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் உள்ளது. அதனையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் பரிசீலனைக்கு வைக்கிறேன்.

செயலாளர்