குழந்தைக்கு நடந்த கொடுமையை ஊர்க் கூட்டத்தில் தீர்க்காதீர்கள்

கடலூர் மாவட்டத்தின் கடலோர ஊர்களிலும் உள்கிராமங்களிலும் வழக்குப் பேசித் தீர்த்துவைக்கும் பஞ்சாயத்தாருக்கும் நாட்டார்களுக்கும் வணக்கம்.

இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். உங்கள் பிள்ளைகள் பலர் என்னிடம் படித்தவர்கள். உங்களில் சிலரும் என் வகுப்பில் உட்கார்ந்து எழுதியவர்கள்தாம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு குழந்தையிடம் பெரியவன் ஒருவன் தகாத முறையில் நடந்துகொண்டான் என்று தெரிந்தால், காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்பே செய்தி உங்களிடம் வந்துவிடுகிறது. இரவோடு இரவாகக் கூட்டம் கூடுகிறது. செய்தவன் கோயில் வாசலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறான், தண்டம் கட்டுகிறான். அதில் ஒரு பங்கு கோயிலுக்கு, ஒரு பங்கு குழந்தையின் வீட்டுக்கு. "பொம்பளப் புள்ள விஷயம், வெளியே போனால் நாளைக்கு யார் கட்டுவான்?" என்று யாரோ ஒருவர் சொல்ல, தகப்பன் தலையாட்டிவிடுகிறார். தாயின் பேச்சு அங்கே எடுபடுவதில்லை. குழந்தையிடம் ஒரு வார்த்தை கேட்பவர் இல்லை. விடிந்ததும் அதே தெருவில் அதே மனிதனைக் கடந்துதான் அது பள்ளிக்கு வர வேண்டும்.

இந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல்.

ஊர்ப் பஞ்சாயத்தை இழிவாக எண்ணுபவள் அல்ல நான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது, எந்த வீட்டில் யார் மிஞ்சினார்கள் என்று அறிந்து சொன்னவர்கள் நீங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோதும், நிவாரணம் கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்ததில் ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பங்கு உண்டு. சுனாமிக்குப் பிறகு அலைச் சத்தம் கேட்டாலே வீறிட்ட பிள்ளைகளை நீங்களும் பார்த்தீர்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத பிள்ளைகள் அவர்கள். "விளையாடினால் மறந்துவிடும்" என்று அன்று யாரும் விட்டுவிடவில்லை. மனநல ஆலோசகர்கள் வந்தார்கள், பெற்றோரை இழந்தவர்களுக்குக் கடலூரில் அரசு இல்லம் திறந்தது, ஊரே அந்தப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டது. கடல் ஒரு குழந்தைக்குள் எவ்வளவு ஆழமாகப் பயத்தை இறக்கும் என்று அறிந்த ஊர்கள், மாமன் முறையில் உள்ளவனும் பக்கத்து வீட்டுக்காரனும் இறக்கும் பயத்தை மட்டும் ஒரே இரவில் தீர்ந்துவிடுவதாக எப்படி எண்ணுகின்றன?

அது வகுப்பறையில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். முத்து முத்தாக எழுதிய பெண்ணின் கையெழுத்து ஒரே மாதத்தில் கலைந்துபோகும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாள்தோறும் வயிற்று வலி என்பாள். மருத்துவர் பார்த்தால் வயிற்றில் ஒன்றும் இருக்காது. இரவில் தூக்கம் இல்லாததால் மதியம் மேசையில் தலை சாய்ந்துவிடும். எப்போதோ நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பி வரும், வீட்டில் அதற்கும் அடி விழும். சித்திரை வெயிலில் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு வரும் குழந்தைகள் உண்டு. கடைசி மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் ஓட, பையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் உண்டு. ஆண் பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் கோபமாக வெளிப்படும். நேற்று வரை அமைதியாக இருந்தவன் சிறுவர்களைப் போட்டு அடிப்பான், ஆசிரியரை முறைப்பான், பிறகு பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுவான். அவனுக்கு நாம் "அடங்காப்பிடாரி" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஆபத்து நேரும்போது இதயம் படபடக்கும், கை கால் விறைக்கும், உடம்பு ஓடத் தயாராகும். ஆபத்து விலகியதும் அது அடங்கிவிடும். ஆபத்து அதே தெருவில் குடியிருந்தால் எப்படி அடங்கும்? மாதக் கணக்கில் அடங்காத உடம்பில் தூக்கமும் பசியும் கெடுகின்றன, படித்தது மண்டையில் நிற்பதில்லை. இதைவிடக் கொடியது, 'என்மேல்தான் தப்பு' என்று குழந்தை முடிவு செய்துகொள்வது. பெரியவர்கள் கூடிப் பேசி, பணம் கைமாறி, "இனி இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது" என்று தன்னிடமே சத்தியம் வாங்கினால் அந்தக் குழந்தை வேறென்ன நினைக்கும்?

வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற அமெரிக்க மருத்துவர்களின் குழு 9,500 பெரியவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வன்கொடுமை, வீட்டில் அடிதடி, குடிகாரப் பெற்றோர் போன்ற துன்பங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, எதுவும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. இதய நோயும் கூடுதலாகவே இருந்தது. பட்டவர்கள் எல்லாரும் இப்படி ஆவார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. மீண்டு நன்றாக வாழ்பவர்கள் நிறைய உண்டு. முதன்முதலாகக் கேட்டவர் நம்பினாரா, கொடுமை அத்தோடு நின்றதா என்பவை அந்த மீட்சிக்கு மிகவும் முக்கியம். ஊர்க் கூட்டம் குழந்தையிடமிருந்து பறிப்பது இந்த இரண்டையும்தான்.

பெண் குழந்தைகளுக்கு நடந்தது மட்டுமே உங்கள் கூட்டத்துக்கு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 53 விழுக்காட்டினர் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு என்ன ஆகிறது? பழி தாயின் தலையில் விழுகிறது. "பிள்ளையைப் பார்க்காமல் எங்கே போனாய்?" என்று கேட்பார்கள். அவள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனதால்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வராது. பிள்ளையைத் தனியே விட அஞ்சி அவள் வியாபாரத்தை விட, வருமானம் நிற்கும். செய்தவன் பெரியப்பன் முறை என்றால் அண்ணன் தம்பி வீடு இரண்டாகப் பிளக்கும். அக்காளுக்கு நடந்ததற்குத் தங்கையின் படிப்பும் நிற்கும். பதினெட்டு நிறையும் முன்பே அந்தப் பெண்ணை வெளியூரில் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். அது சட்டப்படி இன்னொரு குற்றம். குழந்தையின் கண்ணில் அது இன்னொரு தண்டனை.

ஊருக்கு என்ன ஆகிறது என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்டம் கட்டியவன் அதே ஊரில் இருக்கிறான், மற்றக் குழந்தைகளும் அங்கேதான் விளையாடுகிறார்கள். வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதை அந்தக் குழந்தைகளும் பார்த்துவிட்டார்கள்.

2024 மார்ச்சில் புதுச்சேரியில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது ஊரே தெருவுக்கு வந்தது, கடைகள் அடைக்கப்பட்டன. நம் பக்கத்திலிருந்தும் எத்தனை பேர் அழுதார்கள்! அந்தக் கண்ணீர் மெய்யானது. உயிரோடு திரும்பி வந்து "எனக்கு இப்படி நடந்தது" என்று சொல்லும் குழந்தைக்கும் அதில் பங்கு வேண்டாமா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவு: பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவருக்கு இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாதவருக்கு 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. கூட்டத்தில் உட்கார்ந்து கேட்ட ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும். தகப்பனே கையெழுத்துப் போட்டாலும் சமரசம் செல்லாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கை, மாணவியின் தந்தையோடு சமரசம் ஆனதைக் காட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. இதை இரண்டு தரப்புக்கு இடையிலான சொந்த விவகாரமாகப் பார்க்க முடியாது என்பதே காரணம்.

"போலீஸ், கோர்ட் என்று அலைந்தால் பிள்ளை இன்னும் நொந்துவிடும்" என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, காக்கிச் சீருடை அணியாமல், கூடுமானவரை பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது குற்றவாளி அதன் கண்ணில் படக் கூடாது. வழக்கு முடியும் வரை கூடவே வர ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். இடைக்கால இழப்பீடு உண்டு, ஆகவே தண்டப் பணத்தைக் கையேந்தி வாங்கும் நிலை அந்தக் குடும்பத்துக்கு வேண்டியதில்லை. ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்றிருந்தும் பல வழக்குகள் இழுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இழுத்தடிப்பதைவிட அதிக வழக்குகளைச் சாய்ப்பது ஊரின் அழுத்தத்தால் சாட்சிகள் பிறழ்வதுதான் என்பது என் எண்ணம். சாட்சிகள் நிலைத்து நின்றால் என்ன ஆகும் என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. திட்டக்குடியில் இரண்டு பள்ளிச் சிறுமிகளைச் சீரழித்த வழக்கில் 16 பேரைக் குற்றவாளிகள் என்று 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காதலித்து ஓடிப்போன பதினேழு வயதுப் பிள்ளைகள் மீது இந்தச் சட்டம் பாய்வதைப் பற்றிக் கேட்பீர்கள். அது தனியே விவாதிக்க வேண்டிய நியாயமான கேள்வி. எட்டு வயதுக் குழந்தையின் புகாரை மூடுவதற்கு அதைக் காரணம் காட்டாதீர்கள்.

நான் கேட்பது இவ்வளவே. குழந்தைகள் மீதான குற்றத்தை ஊர்க் கூட்டத்தில் எடுப்பதில்லை, தண்டம் வாங்குவதில்லை, சத்தியம் வாங்குவதில்லை என்று தீர்மானம் எழுதுங்கள். செய்தி வந்த அன்றே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பள்ளியில் நடந்தது என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. அந்தத் தாயோடு மகளிர் காவல் நிலையம் வரை ஊரிலிருந்து இரண்டு பெண்கள் போகட்டும். பஸ் செலவையும், வேலைக்குப் போகாத நாளின் கூலியையும் ஊர்ப் பணத்திலிருந்து கொடுங்கள். குழந்தையின் பெயரை யாரும் பரப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்த வீட்டை ஒதுக்கி வைப்பவனுக்கு வேண்டுமானால் உங்கள் கட்டுப்பாட்டைக் காட்டுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இந்த மடலை வாசிக்கும்போது தலைக்கட்டுக்கு ஓர் ஆண் என்ற வழக்கத்தை அன்று மட்டுமாவது தள்ளிவைத்து, வீட்டுப் பெண்களையும் உட்காரச் சொல்லுங்கள். அழைத்தால் எந்த ஊருக்கும் வருகிறேன். எந்தக் கேள்வி கேட்டாலும் நின்று பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருத்தி,
மஞ்சக்குப்பம், கடலூர்