கலாட்டா தொடங்கும் முன்னே

ஸ்பிரிங்ஃபீல்ட் லேக்ஸ், குயின்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா
நவம்பர் 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்திக்கு முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? அன்றைக்குப் போனில் பேச்சு பாதியிலேயே நின்றுபோனது. காதில் மெஷினை வைத்துக்கொண்டு நீங்கள் "என்னது, என்னது" என்று கேட்க, நான் "போலீஸ், போலீஸ்" என்று கத்த, இவர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். இனிமேல் போன் வேண்டாம், எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டது இதுதானே: கேஸ் இல்லை, அடிதடி இல்லை, வீட்டுக்குள் நடக்கிற விசேஷத்தைப் போலீஸ் வந்து எந்தச் செக்‌ஷனில் நிறுத்தினார்கள்? ரிட்டையர் ஆன ஏட்டுக்கு வரவேண்டிய கேள்விதான். எனக்கும் அதே கேள்வி இருந்ததால் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே நவம்பரில் பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறது. எங்கள் பெரியவன் வயதுப் பிள்ளைகளுக்கு இது ஒரு திருவிழா மாதம். பள்ளிக்கூடமே நடத்தும் ஃபார்மல் என்கிற விருந்து ஒன்று உண்டு. கோட்டு சூட்டும் நீள கவுனுமாகப் போவார்கள். அது ஒழுங்காக நடந்துவிடும். அதற்குப் பிறகு யார் வீட்டிலாவது ஆஃப்டர் பார்ட்டி என்று வைப்பார்கள் பாருங்கள், அங்கேதான் வம்பு. அப்புறம் ஸ்கூலீஸ் என்று கோல்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். அது தனிக் கதை.

போன சனிக்கிழமை அடுத்த தெருவில் அப்படி ஒரு பார்ட்டி. சின்னவளை நடன வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். ஒன்பது மணிகூட ஆகவில்லை. டாக்ஸி மேல் டாக்ஸியாக வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகின்றன. வீட்டுக்காரர் நாற்பது பேரைத்தான் கூப்பிட்டிருந்தாராம். யாரோ ஒருத்தி முகவரியை ஸ்நாப்சாட்டில் போட்டுவிட, வெளியே நின்ற கூட்டம் உள்ளே இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது. தெருக்கோடியில் ஒரு கார் நின்ற இடத்திலேயே டயரைச் சுழற்றிப் புகை கிளப்பிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் புல்லில் காலி பாட்டில்கள். ஆனால் அடிதடி என்று எதுவும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு போலீஸ் கார்கள் வந்தன. சைரன் இல்லை. ஒரு பெண் சார்ஜென்ட் நேராக வீட்டுக்காரரிடம் போனார். கூட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வேலி ஓரமாக நின்றதால் பேச்சு காதில் விழுந்தது. "இப்போது முடித்தால் நீங்களாக முடித்ததாக இருக்கும். இன்னும் அரை மணி போனால் நாங்கள் முடித்ததாக இருக்கும்" என்றார். அந்த மனிதர் நம் இவர் வயதுதான். கையில் கேக் வெட்டுகிற கத்தி. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், போலீஸ் முன்னால் கத்தியோடு நிற்கிறோமே என்ற திகிலில் சட்டென்று பூந்தொட்டிக்குள் செருகினார். பாட்டு நின்றது. அரை மணிக்குள் தெரு காலி. ஹீல்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகள், அப்பா அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு பேரை நானே வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

இனி சட்டம். இந்த மாநிலத்தில் 2014-ல் போலீஸ் அதிகாரச் சட்டத்தில் கட்டுமீறிய நிகழ்ச்சிகள் என்று தனியாக ஒரு பகுதி சேர்த்தார்கள். 12 பேரோ அதற்கு மேலோ ஓரிடத்தில் கூடியிருக்க வேண்டும். அவர்களில் 3 பேராவது கட்டுமீறி நடக்க வேண்டும்: அடிதடி, பொருளை உடைப்பது, கல் பாட்டில் எறிவது, அத்துமீறி நுழைவது, காரைச் சுழற்றிப் புகை கிளப்புவது, பட்டாசு, குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பது என்று பட்டியல் நீளுகிறது. அதனால் அக்கம்பக்கத்தாருக்குப் பயமோ பெரிய தொந்தரவோ உண்டாக வேண்டும். நிகழ்ச்சி நடக்கிற வீட்டுக்குள்தான் என்றில்லை, அதன் அருகில் நடந்தாலும் கணக்கில் வரும்.

இதுவரை உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. அடுத்ததைக் கேளுங்கள். கூட்டம் கட்டுமீறிப் போகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று சீனியர் சார்ஜென்ட் பதவியிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரி நியாயமான காரணத்தோடு நம்பினால் போதும், அனுமதி கொடுக்கலாம். அதற்குப் பிறகு வாரண்ட் இல்லாமலே வீட்டுக்குள் வரலாம், பார்ட்டியை முடிக்கச் சொல்லலாம், வந்தவர்களைக் கலைந்து போகச் சொல்லலாம். அன்றைக்கு அந்த சார்ஜென்ட் அதுவரைக்கும் போகவில்லை. அந்த அதிகாரம் பின்னால் இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்ததே வேலையை முடித்துவிட்டது.

தண்டனை யாருக்கு என்று பார்த்தால் முதலில் கூட்டியவருக்கு. 110 தண்டனை அலகு அபராதம் அல்லது ஒரு வருஷம் சிறை. இங்கே அபராதத்தை டாலரில் எழுதாமல் அலகில் எழுதுகிறார்கள். அலகின் மதிப்பு வருஷா வருஷம் ஏறும். இன்றைய மதிப்பில் 18 ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. போலீஸ் வந்துபோன செலவையும் கட்டச் சொல்லிக் கோர்ட் உத்தரவிட முடியும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை கூட்டியிருந்தால், அனுமதி கொடுத்த அப்பா அம்மாவும் கூட்டியவர் கணக்கில் வருவார்கள். தடுக்க வேண்டிய நியாயமான ஏற்பாடுகளைச் செய்திருந்தேன் என்று காட்டினால் தப்பலாம்.

சித்தப்பா, முன்கூட்டியே கைது செய்கிற உங்கள் காலத்து 151-ம் பிரிவு ஞாபகம் இருக்கிறதா? இப்போது அது புதிய சட்டத்தில் 170 ஆகிவிட்டது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். குற்றம் நடக்கும் முன்பே தடுக்கிற அதிகாரம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் அங்கே ஆளைத் தூக்குவீர்கள். திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரி நான்கு பேரை ஸ்டேஷனில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டால், மறுநாள் தேர் நிம்மதியாக ஓடும் என்பீர்களே. இங்கே ஆளை விட்டுவிட்டு இடத்தைப் பிடிக்கிறார்கள். வம்பு பண்ண வந்தவன் டாக்ஸி பிடித்துப் போய்விடுவான். வீடு எங்கே போகும்? கேட்டில் நிற்கிற அப்பாதான் பிணை.

இதெல்லாம் ஏன் வந்தது என்றால், பழைய காரணம் ஒன்று உண்டு. 2008 ஜனவரியில் மெல்போர்ன் புறநகர் ஒன்றில் அப்பா அம்மா ஊரில் இல்லாத நேரம் 16 வயதுப் பையன் ஒரு பார்ட்டி வைத்தான். செய்தி இணையத்தில் பரவி 500 பேர் போல வந்து சேர்ந்தார்கள். ஹெலிகாப்டர், போலீஸ் நாய் எல்லாம் வரவேண்டியதாயிற்று, போலீஸ் கார்களுக்கும் சேதம். நாடு முழுக்க அதுதான் பேச்சு. அப்புறம் 2012-ல் மேற்கு ஆஸ்திரேலியா இப்படி ஒரு சட்டம் போட்டது, இரண்டு வருஷத்தில் இவர்களும் போட்டார்கள். இருக்கிற சட்டங்களே போதுமே, சத்தத்துக்கு ஒன்று இருக்கிறது, அடிதடிக்கு ஒன்று இருக்கிறது, எதற்குப் புதிதாக என்று கேட்டவர்களும் உண்டு. சத்தத்துக்கு இருப்பதும் லேசானதில்லை: போலீஸ் ஒருமுறை எச்சரித்துவிட்டால் 96 மணி நேரத்துக்கு அந்த வீடு அடங்கியிருக்க வேண்டும். மீறினால் ஸ்பீக்கரையே எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். பதினொன்றரைக்கு நாயும் ஹெலிகாப்டருமாக வருவதைவிட ஒன்பது மணிக்கு ஒரு சார்ஜென்ட் வந்து கேட்டில் நின்று பேசுவது மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பிள்ளை உள்ளே இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் "நியாயமான காரணத்தோடு நம்பினால்" என்கிற இடத்தில்தான் எனக்கு உதைக்கிறது. யாரைப் பார்த்து அந்த நம்பிக்கை வருகிறது? பக்கத்து வீட்டில் பசிபிக் தீவு நாடான சமோவாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது, நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அந்த அம்மாவின் மகன்கள் ஆறடிக்கு மேல், ரக்பி ஆடுகிற உடம்பு. சர்ச்சில் பாட்டுப் பயிற்சி முடித்துவிட்டு அவர்கள் வீட்டு முற்றத்தில் பதினைந்து பையன்கள் நின்று பேசினாலே எங்கிருந்தோ போன் போய்விடுகிறது என்றார். போலீஸ்காரர்களைக்கூட அவர் குறை சொல்லவில்லை. வந்து பார்த்துவிட்டு மரியாதையாகப் போய்விடுகிறார்களாம். "போன் பண்ணுகிறவன் யார் என்று எனக்குத் தெரியவே போவதில்லை, அதுதான் கோபம்" என்றார். எங்கள் பையன்கள் பத்துப் பேர் சேர்ந்து கிரிக்கெட் பார்த்துக் கூச்சல் போட்டாலும் நாளைக்கு அதே கதைதானே. இந்த மாநிலத்தில் 2019-ல் மனித உரிமைச் சட்டம் ஒன்று போட்டு, 2020 ஜனவரி 1 முதல் போலீஸும் அதை மதித்து நடக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் கேக் வெட்டாமல் பார்ட்டியை முடித்துக்கொண்ட குடும்பம் எதுவும் அதற்காகப் புகார் எழுதிக்கொண்டு உட்காராது.

இன்னொன்று. கலைத்துவிட்டார்கள், சரி, நூறு பிள்ளைகள் ஒன்பதரை மணிக்கு எங்கே போவார்கள்? அன்றைக்குப் பாதிப் பேர் நேராக ஸ்பிரிங்ஃபீல்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துப் பக்கத்துப் பூங்காவுக்குப் போய்விட்டார்கள் என்று பெரியவன் சொன்னான். வீட்டிலாவது ஒரு பெரியவர் கண் இருந்தது. பூங்காவில் யார் இருக்கிறார்கள்? வாகனம் வரும்வரை பிள்ளைகளை வாசலிலேயே இருக்க விட்டதால்தான் அந்தச் சார்ஜென்ட் எனக்குப் பிடித்துப்போனார். எல்லோரும் அப்படி இருப்பார்களா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நம் வீட்டு விஷயம். பெரியவனுக்கு 22-ம் தேதி 18 முடிகிறது. பார்ட்டி வேண்டாம், கோயிலுக்குப் போய்விட்டு வெளியே சாப்பிடலாம் என்று இவர் சொன்னார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே மாறிவிட்டார். சரி, முறைப்படி செய்வோம் என்று போலீஸிலேயே பதிவு செய்துவிட்டேன். பார்ட்டி சேஃப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், கட்டாயம் இல்லை. தேதி, நேரம், எத்தனை பேர், என்ன வயது, மது உண்டா, பொறுப்பான பெரியவர் யார் என்று இணையத்தில் நிரப்பினால் நம் பகுதி ஸ்டேஷனுக்குப் போய்விடும். இரண்டு நாளில் ஒரு கான்ஸ்டபிள் போன் பண்ணினார், குரல் பெரியவன் வயதுதான் இருக்கும். ஒரே வாசல் வழியாக விடுங்கள், பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி பாட்டில் வேண்டாம், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அழைப்பை எல்லோரும் பார்க்கிற மாதிரி போடாதீர்கள் என்றார். காவலுக்கு ஆள் வைப்பதானால் உரிமம் உள்ளவராகப் பாருங்கள், கராத்தே தெரிந்த மாமாவெல்லாம் செல்லாது என்றார். நம்மைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல!

மது கிடையாது என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். அவனுக்கு 18 ஆனாலும் நண்பர்களில் பாதிப் பேருக்கு ஆகவில்லை. அடுத்தவர் பிள்ளைக்கு நம் வீட்டில் ஊற்றிக் கொடுத்தால் அதற்குத் தனியாக 80 அலகு வரை அபராதம். முணுமுணுத்தான். போலீஸில் பதிவு செய்ததுதான் அவனுக்குப் பெரிய அவமானம். "என் பிறந்தநாளுக்கு ஸ்டேஷனில் எண்ட்ரி போட்ட முதல் அம்மா நீதான்" என்கிறான். தாத்தாவின் பேரன் என்று நினைத்துக்கொள் என்றேன்.

கேட்டில் இவர் நிற்பார், பட்டியல் கையில். பதினோரு மணிக்குப் பாட்டு நிற்கும். சமோவா அம்மா மூத்த மகனை அனுப்புகிறேன் என்றிருக்கிறார். அவன் சும்மா நின்றாலே போதும். பட்டியலில் இல்லாத இருபது பேர் வந்து தெருவில் நின்றால் என்ன செய்வது என்பதுதான் மிச்சம். நாமே முதலில் 131 444-க்குப் போன் பண்ணிவிடலாம் என்கிறேன் நான், அது அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண். நாமே கூப்பிட்டால் நம் பார்ட்டியையே மூடச் சொல்வார்கள் என்கிறார் இவர். உங்கள் அனுபவத்தில் எது சரி? கூப்பிட்ட வீட்டுக்காரனிடம் ஸ்டேஷனில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 22-க்கு முன்னால் பதில் வரவேண்டும். தம்பியிடம் சொன்னால் வாட்ஸப்பில் பேசி அனுப்புவான்.

சித்திக்கு அந்த முட்டித் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்